கத்தோலிக்க எவிடன்ஸ் கில்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலண்டனில் 1918 இல் தொடங்கிய ஒரு கத்தோலிக்கப் பேச்சாளர் கழகத்தைப் பற்றி, யாழ்ப்பாணத்து மறையாசிரியர் வகுப்புகளிலும் இளையோர் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றவில்லை. எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. சிக்கலானவை போகப் போக வரும்.

உந்தக் கில்ட் எண்டுறது என்ன? துறவற சபையோ, சங்கமோ?

பொதுநிலையினர் சங்கம். ஆசிரியர், எழுதுவினைஞர், கடைச் சிப்பந்தி, சட்டம் படிப்பவர் எனப் பல தரப்பட்டவர்கள் இருந்தார்கள். பகலில் அவரவர் வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பூங்காவிலோ தெருமுனையிலோ ஒரு சிறு மேடையில் ஏறி, விசுவாசத்தின் ஏதாவது ஒரு விடயத்தை விளக்குவார்கள். பிறகு கூட்டத்தின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். சம்பளம் இல்லை, வார்த்தைப்பாடு இல்லை.

'எவிடன்ஸ்' என்றால் சான்று. 'கில்ட்' என்பது ஐரோப்பாவில் ஒரே தொழில் செய்வோரின் கூட்டுக்கு இருந்த பழைய பெயர். தமிழில் கத்தோலிக்க சான்றுக் கழகம் எனலாம். இங்கே சுருக்கமாகக் கில்ட் என்றே எழுதுகிறோம். பேச்சுப் பழக்கும் கழகம் என்று இதைச் சொல்வது பாதிதான் சரி. அங்கே பேச்சை விட அதிகம் பழக்கியது பதில் சொல்லும் முறையை.

ஆர் தொடங்கினது?

வெர்னன் றெட்வூட் என்ற நியூசிலாந்துக்காரர். இலண்டன் ஹைட் பார்க்கில் திருச்சபையைத் தாக்கிப் பேசுவோரைக் கேட்டவர், இதற்கு அதே இடத்தில் பதில் சொல்ல ஆள் இல்லையே என்று வெஸ்ற்மின்ஸ்ரர் பேராயர் கர்தினால் போர்னிடம் போனார். கர்தினால் ஒப்புதல் தந்தார். ஆண்டு 1918.

சேர் ஃபிராங்க் ஷீட் தானே தொடங்கினவர் எண்டு படிச்சம்?

இல்லை. அவர் சிட்னியில் பிறந்த அவுஸ்திரேலியர். சட்டம் படித்தவர். 1920 இல் இலண்டனுக்கு வந்த பிறகுதான் கில்டில் சேர்ந்தார். ஆனால் இன்று கில்டின் பெயர் தெரிந்திருப்பதற்குப் பெருங்காரணம் அவரும் அவர் மனைவி மெய்சி வார்டும். இருவரும் மேடையில் பேசினார்கள், பயிற்சி கொடுத்தார்கள், வகுப்புக் குறிப்புகளைத் தொகுத்து 1925 இல் ஒரு கைந்நூலாக்கினார்கள். 1926 இல் திருமணம் செய்து, அதே ஆண்டில் ஷீட் அன்ட் வார்ட் பதிப்பகத்தையும் தொடங்கினார்கள்.

'சேர்' பட்டம் அவருக்கு இல்லை. யாரோ ஒருவர் குறிப்பேட்டில் எழுதியதை எல்லோரும் பார்த்தெழுதுகிறார்கள் போல.

1918 இல அப்பிடி என்ன அவசரம் வந்தது?

இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை 1829 இல்தான் கிடைத்தது. ஆயர்களும் மறைமாவட்டங்களும் 1850 இல் மீண்டும் ஏற்பட்டன. சட்டம் மாறியது, தெருவில் இருந்த சந்தேகம் மாறவில்லை. பாப்பரசர் வேறு நாட்டு அரசர், கன்னியர் மடங்கள் சிறைகள், கத்தோலிக்கர் சிலைகளை வணங்குகிறார்கள் என்று சொல்லியே பேர் வாங்கிய பேச்சாளர்கள் இருந்தார்கள்.

கில்டுக்கு முன்னோடியும் உண்டு. 1887 இல் குரு பிலிப் பிளெச்சரும் வழக்கறிஞர் லிஸ்ரர் டிரமண்டும் தொடங்கிய றான்சம் கில்ட் வெளியரங்குப் பேச்சுகளைச் செய்தது. 1918 இல் புதிதாக வந்தது ஒழுங்கான பயிற்சியும், தேர்வும், ஆயரின் அனுமதியும்.

ஹைட் பார்க் எண்டால் எங்கட முற்றவெளி மாதிரியோ?

வெளியைப் பார்த்தால் அப்படித்தான். வித்தியாசம், அங்கே பேச்சுக்கென்றே ஒரு மூலை வழக்கமாகிவிட்டது. 1866 இல் வாக்குரிமை கேட்டு வந்த கூட்டத்துக்குப் பூங்காவின் கதவை அடைத்தபோது கம்பி வேலி முறிந்து கலவரமானது. அதன் பின் 1872 இன் பூங்காச் சட்டம் பொதுக்கூட்டங்களுக்கு வழி விட்டது. மாபிள் ஆர்ச் அருகேயுள்ள அந்த மூலையில் நாத்திகர், சோசலிசர், பல சபையினர் பக்கம் பக்கமாக நின்று பேசுவார்கள். கேட்பவர் பத்தடி நடந்தால் அடுத்த கூட்டம்.

ஆகவே கூட்டம் யாருக்கும் சொந்தமில்லை. கதிரையில் இருத்தி வைத்த சபை மரியாதைக்காவது இருந்து கேட்கும். அங்கே சலித்தால் போய்விடும். கில்டின் பேச்சு முறை இந்த நெருக்கடியில் உருவானது. மேடை என்பது தூக்கிச் செல்லக்கூடிய, கைபிடி வைத்த ஒரு மரத்தட்டு, அதில் ஒரு பாடுபட்ட சிலுவை.

பொம்பிளையளும் ஏறிக் கதைச்சவையோ?

ஆம், ஆரம்ப ஆண்டுகளிலிருந்தே. மெய்சி வார்ட் 1919 இல் சேர்ந்தவர், அதாவது ஷீடுக்கு முந்தியவர். பேச்சாளராகவும் பயிற்றுநராகவும் இருந்தார். இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை, அதுவும் முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும், கிடைத்ததே 1918 இல். கோயிலுக்குள் பெண்கள் வாசகம் கூட வாசிக்காத காலத்தில் அவர்கள் பூங்காவில் திரித்துவத்தை விளக்கினார்கள்.

மறையைப் போதிக்கிறது சுவாமிமாரின்ர வேலையல்லோ? பொதுநிலையினர் செய்யலாமோ?

கோயிலுக்குள் போதிப்பதையும் வெளியே சான்று சொல்வதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1917 இன் திருச்சபைச் சட்டம், 1342 ஆம் இலக்கம், பொதுநிலையினர் கோயிலில் பிரசங்கிப்பதைத் தடுத்தது. கில்ட் கோயிலில் பேசவில்லை. ஆனாலும் திருச்சபையின் பெயரில் பேசுவதால் ஆயரின் அனுமதி கட்டாயம் என்று வைத்தார்கள். அனுமதி இல்லாமல் யாரும் மேடையில் ஏற முடியாது.

இன்று நிலைமை இன்னும் தெளிவு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றித் தனி ஆணையே வெளியிட்டது. 1983 சட்டத்தின் 766 ஆம் இலக்கப்படி, தேவை இருந்தால் பொதுநிலையினர் கோயிலிலும் பேச அனுமதிக்கப்படலாம். பூசையின் மறையுரை மட்டும் 767 ஆம் இலக்கப்படி குருவுக்கும் தியாக்கோனுக்கும் உரியது.

பயிற்சி என்ன மாதிரி நடந்தது?

கில்டின் வரலாற்றில் பிறர் எடுத்துக் கொள்ளக்கூடிய பகுதி இதுதான். வகுப்பில் முதலில் ஒரு போதனையைப் பற்றிய பாடம் நடக்கும். அதன் பிறகு பயிலுநர் ஒருவர் மேடையேறி அந்த விடயத்தைப் பேசுவார். மற்றவர்கள் எதிரே நின்று பூங்காக் கூட்டம் போல நடிப்பார்கள்: ஒருவர் நாத்திகர், ஒருவர் கோபக்காரர், ஒருவர் விளங்காதவர், ஒருவர் விடயத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர். குறுக்கே கத்துவார்கள், சிரிப்பார்கள். கடைசியில் நடிப்பை நிறுத்தி, எந்தச் சொல் விளங்கவில்லை, எந்தப் பதில் கேள்வியைத் தவிர்த்தது, எங்கே குரல் எரிச்சலானது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்.

பயிலுநர் தயாரானதும் தேர்வு. மறைமாவட்டத்தின் குருக்கள் முன்னிலையில் பேச வேண்டும். கேள்விக் கணைகளும் உண்டு. சித்தியடைந்தால் அந்த ஒரு தலைப்புக்கு மட்டும் அனுமதி. அடுத்த தலைப்புக்கு மறுபடி தேர்வு. பல தலைப்புகளைக் கடந்து, எந்தக் கேள்விக்கும் முகம் கொடுக்கக்கூடியவர் என்று தேறியவரே கூட்டத்தின் தலைவர் ஆகலாம்.

வழக்கமாகப் பிழைக்கும் இடம், நடிப்புக் கூட்டம் இரக்கப்பட்டு இலகுவான கேள்வி கேட்பது. நண்பர்கள் நண்பரைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அதனால் அவர் முதல் அடியை வெளியேதான் வாங்குவார். வகுப்பில் இரக்கம் காட்டாமல் இருப்பதே உண்மையான உதவி.

ஒரு தலைப்புக்குத்தான் அனுமதி எண்டால், ஆரும் வேறை கேட்டால் என்ன செய்யிறது?

"அதற்குத் தலைவர் பதில் தருவார்" என்று சொல்லி விடுவது. ஒப்புரவு பற்றிப் பேச அனுமதி பெற்றவரிடம் பரிணாமக் கொள்கையைக் கேட்டால், அவருக்குப் பதில் தெரிந்தாலும் சொல்லக் கூடாது. கடுமையாகத் தோன்றும். ஆனால் கேட்பவருக்கு ஒரு கத்தோலிக்கர் சொன்ன பிழையான பதில் திருச்சபையின் பதிலாகவே நினைவில் நிற்கும். அதைப் பிறகு திருத்துவது மிகக் கடினம்.

ஒரு பேச்சை எப்பிடிக் கட்டுறது?

ஒரு பேச்சில் ஒரு கருத்து. அதை நான்கு படியில் வைக்கலாம்: மக்கள் நினைக்கும் பிழையான பொருளை முதலில் அகற்றுதல், திருச்சபை உண்மையில் சொல்வதைச் சொல்லுதல், ஏன் அப்படிச் சொல்கிறது எனக் காட்டுதல், வாழ்வுக்கு அதனால் என்ன என்று முடித்தல்.

பாப்பரசரின் தவறா வரத்தை எடுத்துக் கொள்வோம். முதலில்: அவர் பாவம் செய்யாதவர் என்று திருச்சபை சொல்லவில்லை, அவரும் பாவசங்கீர்த்தனம் செய்கிறார், வானிலையிலோ அரசியலிலோ அவர் பிழைக்கலாம். அடுத்து: 1870 இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது, அவர் திருச்சபை முழுவதற்கும் மேய்ப்பராக நின்று, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை எல்லோரும் ஏற்க வேண்டியதாக அறுதியிட்டுச் சொல்லும்போது மட்டும். காரணம்: மத்தேயு 16 உம் லூக்கா 22 உம், அதாவது இயேசு பேதுருவுக்குத் தந்த பொறுப்பும் வாக்கும். உதாரணம்: 1950 நவம்பர் 1 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) மரியாளின் விண்ணேற்பை அறிவித்தது. இதற்குள் பாப்பரசர்களின் வரலாற்றையும் வத்திக்கான் நாட்டையும் சேர்த்தால் கேள்விகள் நாலா பக்கமும் சிதறும்; ஒன்றுக்கும் முழுப் பதில் கிடைக்காது.

எங்கட ஆக்கள் நல்லாப் பேசுவினம். பிறகேன் கேக்கிறவைக்கு விளங்கேல்ல?

சொற்கள்தான் காரணம். கோயிலுக்குள் புழங்கும் சொல் வேலிக்கு வெளியே வேறு பொருள் தரும். 'பூசை' என்றால் சைவருக்குத் தீபாராதனை. 'அருள்' என்றால் சைவ சித்தாந்தம் படித்தவர் பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், தளை) என்ற வரிசையில் வைத்துக் கேட்பார். மிகப் பெரிய சிக்கல் 'அவதாரம்'. இயேசு கடவுளின் அவதாரம் என்று சொன்னால், வைணவம் அறிந்தவர் பத்தோடு பதினொன்று என்று தலையசைப்பார். சிவன் பிறப்பதில்லை என்று கற்ற சைவர் அங்கேயே மறுப்பார். ஒரே ஒரு முறை, வேடமாக அல்லாமல் உண்மையான மனிதனாகப் பிறந்தார் என்று விரித்துச் சொன்னால்தான் பேச்சு தொடங்கும்.

அடுக்குமொழி இன்னொரு காரணம். எதுகை மோனைக்குக் கைதட்டு விழும்; கேள்வி எழாது. கில்டின் கணக்கில் கேள்வி எழாத பேச்சு தோற்ற பேச்சு.

பதில் தெரியாட்டில்?

தெரியாது என்று சொல்ல வேண்டும். தேடிப் பார்த்து அடுத்த முறை சொல்வதாக வாக்களித்தால், அடுத்த முறை கட்டாயம் சொல்ல வேண்டும். சமாளிப்பது கூட்டத்துக்கு உடனே தெரியும். ஒருமுறை சமாளித்தவரின் மற்றப் பதில்களும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

ஆரும் பேசினால், பகிடி பண்ணினால்?

திருப்பிப் பகிடி பண்ணக் கூடாது. ஷீட் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது, வாதத்தில் வென்று ஆளை இழக்காதே என்பதுதான். கூட்டத்தின் சிரிப்பைப் பேச்சாளர் வென்றுவிடலாம். ஆனால் கேலிக்கு ஆளானவர் அந்த மேடைக்குத் திரும்பி வர மாட்டார்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்: கேள்வியை முதலில் எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லுங்கள், அதுவும் கேட்டவர் "ஓம், அதுதான்" என்னும்படி நேர்மையாக. பதிலை அவருக்கு மட்டும் சொல்லாமல் பின்வரிசைக்குச் சொல்லுங்கள். ஒருவரே மூன்றாம் முறையும் குறுக்கிட்டால், மற்றவர்களுக்கும் இடம் விடும்படி கேளுங்கள்.

பட்டிமன்றம் மாதிரி மற்றச் சமயத்தவரோட விவாதம் வைச்சால் என்ன? சனமும் வருமே?

சனம் வரும். 1917 சட்டத்தின் 1325 ஆம் இலக்கம், அனுமதியின்றிப் பிற சபையினரோடு பொது விவாதம் நடத்துவதைத் தடுத்தது. கில்ட் பேச்சும் கேள்வியும் என்ற வடிவத்தோடு நின்றதை அந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். சட்டத்தை விட்டாலும் நியாயம் தெளிவு. விவாதத்தில் இரு தரப்பும் வெல்ல வந்திருக்கும். 1873 இல் பாணந்துறையில் மெதடிஸ்தருக்கும் பௌத்தருக்கும் நடந்த விவாதம் நம் நாட்டின் பெரிய உதாரணம். அது பௌத்த மறுமலர்ச்சிக்கு உரமிட்டது, ஏற்பாடு செய்தவர்கள் எதிர்பார்த்தது அதுவல்ல. கேள்வி கேட்பவர் தோற்க வேண்டியதில்லை என்பதே கில்ட் முறையின் பலம்.

நாவலர் காலத்துக் கண்டனங்களும் இதுவும் ஒண்டுதானே?

வடிவத்தில் உறவு உண்டு. மிஷன் பிரசங்க முறையை உள்ளிருந்து பார்த்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கத்தோலிக்கர் 1876 இல் 'சத்தியவேத பாதுகாவலன்' பத்திரிகையோடு அச்சுக் களத்தில் இறங்கினார்கள். பின்னர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் எழுத்தாலும் பேச்சாலும் அந்த வழியைத் தொடர்ந்தார். ஆக, பொது இடத்தில் சமயம் பேசுவது யாழ்ப்பாணத்துக்கு இலண்டன் கற்றுக் கொடுத்த பாடமல்ல.

நோக்கத்தில்தான் பிரிவு. கண்டனம் எதிரியின் நூலை எடுத்து அதன் பிழையைக் காட்டும். கில்ட் பேச்சாளர் தன் விசுவாசத்தை மட்டும் விளக்குவார். மற்றவர் சமயத்தைத் தாக்குவதற்கு இடமே இல்லை. நம் மண்ணில் முதல் வகைக்குப் பழகிய காது நிறைய உண்டு, ஆகவே இரண்டாம் வகையை ஒவ்வொரு கூட்டத்திலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.

போர்த்துக்கீசர் நல்லூர்க் கோயிலை இடிச்சதைக் கேட்டால் என்ன சொல்லுறது?

இலண்டனில் இன்குவிசிஷன் (திருச்சபையின் பழைய விசாரணை மன்றம்), அறிவியலாளர் கலிலியோவைத் தண்டித்தது பற்றிக் கேட்பார்கள். இங்கே இதைத்தான் கேட்பார்கள், கேட்க நியாயமும் உண்டு. முதல் வசனம் "ஓம், இடித்தார்கள்" என்பதாக இருக்க வேண்டும். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் விழுந்தது. பிலிப் டி ஒலிவேராவின் ஆட்சியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அதை நியாயப்படுத்த எந்தக் கத்தோலிக்கருக்கும் கடமையில்லை. வற்புறுத்தி விசுவாசத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் சமயச் சுதந்திர அறிக்கையில் சொன்னது. கலிலியோ விடயத்திலும் 1992 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) பிழையை வெளிப்படையாக ஏற்றார்.

பேச்சாளர்கள் விழும் குழி இதுதான்: உடனே 1544 இல் மன்னாரில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் கொல்வித்த கிறிஸ்தவர்களையும், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்ததையும், 1687 இல் மாறுவேடத்தில் வந்த குரு யோசேவ் வாஸ் முனிவரையும் எடுத்து எதிரடியாக வைப்பது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த இடத்தில் அது பதிலாகாது. கேட்டவர் தன் கோயிலைப் பற்றிக் கேட்டார். அந்த வரலாற்றை வேறொரு நாள், வேறொரு தலைப்பில் பேசலாம்.

டோஸ்ட்மாஸ்ரர்ஸ், மரியாயின் சேனை எல்லாம் இருக்கேக்க இது எதுக்கு?

டோஸ்ட்மாஸ்ரர்ஸ் 1924 இல் கலிபோர்னியாவில் றால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய பொதுக் கழகம். நேரம், குரல், 'ம்... ஆ...' என்ற இழுவை எல்லாவற்றையும் திருத்தும். எதைப் பேசுகிறீர்கள் என்பது அதன் கவலையல்ல. மரியாயின் சேனை 1921 இல் டப்ளினில் ஃபிராங்க் டஃப் தொடங்கியது. அதன் வேலை வீடு வீடாகச் சந்திப்பதும் செபமும். மூன்றிலும் ஒருவரே இருக்கலாம், முரண்பாடில்லை.

செபத்துக்கு என்ன இடம்?

மேடையில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் திவ்விய நற்கருணை முன்னிலையில் என்பது பேச்சாளர்களுக்கு வைத்த இலக்கு.

இப்பவும் நடக்குதோ?

முதல் இருபது முப்பது ஆண்டுகளில் இங்கிலாந்தின் பல நகரங்களுக்கும், அமெரிக்காவுக்கும், அவுஸ்திரேலியாவுக்கும் பரவியது. தொமினிக்கன் குரு வின்சன்ற் மக்னாப் 1943 இல் இறக்கும் வரை ஹைட் பார்க் மேடையில் பேர் போனவர். பின்னர் தொலைக்காட்சி தெருக் கூட்டத்தைக் குறைத்தது. 1960 களுக்குப் பின் சமய உரையாடலின் தொனியும் மாறியது. பழைய முறை சண்டை என்று சிலருக்குத் தோன்றியது. மேலே சொன்னவற்றைப் படித்தால் அது சண்டை முறை இல்லை என்பது விளங்கும், ஆனால் பெயரோடு ஒட்டிய எண்ணத்தை மாற்றுவது எளிதல்ல. சிறிய அளவில் தொடர்ந்தாலும் பழைய வீச்சு இல்லை. ஷீட் 1981 இல் இறந்தார். மெய்சி வார்ட் அதற்கு முன், 1975 இல்.

எங்கட பங்கிலையும் தொடங்கேலுமோ?

ஆறு பேர் போதும்: ஒருவர் பேச, ஒருவர் தலைமை தாங்க, நால்வர் எதிர்க்கூட்டம். பங்குத்தந்தையின் சம்மதமும் போதனையைச் சரிபார்க்க ஒரு குருவும் வேண்டும். வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம்: அரை மணி பாடம், பத்து நிமிடப் பேச்சு, இருபது நிமிடக் கேள்வி, மிகுதி விமர்சனம். முதல் மூன்று மாதம் வெளியே போகவே வேண்டாம். பிறகு பங்கு மண்டபத்தில், அயல் சைவக் குடும்பங்களை அழைத்து ஒரு திறந்த கேள்வி மாலை வைக்கலாம்.

வெளியிடத்தில் என்றால் காணிக்கு உரியவரின், மாநகர சபைக் காணியானால் சபையின், அனுமதி எடுக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதிப் பத்திரம் தேவை. அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை சமயத்தைப் போதிக்கும் சுதந்திரம் தருகிறது. பிற சமயத்தவர் மனதை வேண்டுமென்றே புண்படுத்தும் பேச்சு தண்டனைச் சட்டக்கோவையின் 291அ பிரிவிலும், வெறுப்பைத் தூண்டுவது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்திலும் குற்றமாகும்.

மைக் இல்லாமல் எப்பிடிக் கேக்கும்?

முப்பது நாற்பது பேருக்கு மைக் தேவையில்லை. காற்று பேச்சாளரின் முதுகிலிருந்து கூட்டத்தின் பக்கம் வீச வேண்டும். கடற்கரைப் பங்குகளில் பின்னேரம் காற்றின் திசை மாறும், முதலே பாருங்கள். வெயில் கேட்பவரின் கண்ணில் படக் கூடாது. தொண்டையால் கத்தினால் கால்மணியில் குரல் அடைக்கும். வயிற்றிலிருந்து மூச்செடுத்து, வசனத்தைக் குறுக்கி, கடைசிச் சொல்லை விழுங்காமல் சொல்ல வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால் அது விழுங்கப்பட்டால் 'உண்டு' என்றாரா 'இல்லை' என்றாரா என்றே பின்வரிசைக்குத் தெரியாது.